என் இடது காலுக்கு என்ன வியாதி?

கிள்ளான்.

அன்புத் தம்பி டாக்டர் குருவுக்கு,

அக்கா உஷாராணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் உன் வீட்டாரும், உன் கிளினிக்கில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் பூனை நாய்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் சௌக்கியம்தான் சந்தேகத்தில் இருக்கிறது. நீ மிருக வைத்தியன் என்பது எனக்குத் தெரியும். வாயில்லாத ஜீவனுக்கே வியாதி கண்டுபிடிக்கிறவன், இவ்வளவு பேசுகிற அக்காவுக்குக் கண்டுபிடிக்க மாட்டாயா? வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குரூப் முழுக்கப் பரவி, காஜாங் ஊர்ச் சொந்தமெல்லாம் சாயங்காலமே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் இடது கால். கெண்டைச் சதை கல்லாக இறுகிப்போய், படுத்திருக்கும்போது தானாகவே எதையோ மிதிக்கிறது. போன வாரம் என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, மிதி வாங்கிக் கட்டிலிலிருந்து உருண்டார். அடுத்தது நெஞ்சு. காலையில் எழுந்ததும் குதிரை மாதிரி ஓடுகிறது, தோசை இறங்கவே மாட்டேன் என்கிறது, உள்ளங்கை வேர்த்து டம்ளர் வழுக்குகிறது, கழுத்தோ வலது பக்கம் போனால் திரும்பி வர அடம் பிடிக்கிறது. தூக்கத்தில் "பிரேக்! பிரேக்!" என்று கத்துகிறேனாம். தொண்டையும் கட்டிவிட்டது.

பயந்துபோய்ப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர். ரத்தம் எடுத்தார், மார்பில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்.

"ஆன்டி, எல்லாம் நார்மல் லா. புதுசா ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"ஒன்னுமே இல்ல டாக்டர். கார் ஓட்டக் கத்துக்கிறேன், அவ்ளோதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "டெஸ்ட் முடியட்டும் ஆன்டி, தானா சரியாப் போயிரும்" என்றார். ரத்தமும் எடுத்தாகிவிட்டது, நெஞ்சும் பார்த்தாகிவிட்டது, இன்னும் என்ன டெஸ்ட் பாக்கி என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இந்த வயதில் கார் எதற்கு என்று கேட்பாய். மாமாவின் கண் மங்கி, இனி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? ஒரு நாள் கண் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டுகிற மழையில் வண்டி கிடைக்காமல் நின்றோம். "என்னால உனக்கு எவ்ளோ கஷ்டம் பாரு, உஷா" என்றார். மனிதர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன். வீட்டில் நிற்பது இடது காலால் கிளச் மிதித்து ஓட்டும் மேனுவல் கார், அதனால் மேனுவலே கற்றுக்கொள்கிறேன்.

சொல்லிக்கொடுக்கிற நாகையா தங்கமான மனுஷன். ஆனால் நேற்று அவரும் கத்திவிட்டார். "அக்கா, லோரிக்காரன் வழி விட்டுட்டான், போங்க! ஐயோ, போங்கன்னா கண்ண மூடிக்கிட்டா போவாங்க?" பின் சீட்டில் இருந்த உன் மாமா தேவாரம் பாட ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை ஓட்டுநர் சோதனை. மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். இத்தனை வியாதியோடு நான் போகலாமா, தள்ளிப் போடலாமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் காசுமாலை மருமகள் ஷாமினிக்கு என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், ஆனால் எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் அழுதாள். நீதான் எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும், தம்பி.

உன் பிள்ளைகள் பேரும் புகழுமாக வாழ, உன் கையால் எந்த ஜீவனும் பிழைக்க, மாரியம்மன் துணையிருக்கட்டும்.

கவலையுடன்,
அக்கா

பின்குறிப்பு: தபால் தலை வாங்குவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. பாஸ் பண்ணிட்டேன்டா! மேட்டில் கார் ஒரு இம்மிகூட உருளவில்லை. நாகையா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன், இரவு செத்த பிணமாகத் தூங்கினேன். கால், நெஞ்சு, கழுத்து எல்லாம் அதுஅது பாட்டுக்கு இருக்கின்றன. ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்காதே, மருந்தும் அனுப்பாதே. ஃபெடரல் ஹைவேயில் நானே சுபாங் ஜெயாவுக்கு ஓட்டி வந்து, இதை உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். உன் வீட்டு கேட் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தால் போலீசுக்குப் போகாதே. திருடன் இல்லை, அக்காதான்.