மலை தெரிகிற ரூம்

எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனால் பெரிய ஆபத்து இல்லை. அவனுக்கு உள்ளூர ஒரு பயமாவது இருக்கும். எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறவன்தான் குடும்பத்தையே இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடுவான். நான் இந்த இரண்டாவது ரகம்.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்துக்காட்டுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அந்தத் திமிரில்தான் மாமனாருக்கும் மாமியாருக்கும் சேர்த்து ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தேன். எடுத்ததோடு சும்மா இருந்தேனா? யூரியா வாங்க வந்தவர்களை எல்லாம் நிற்கவைத்து, காத்திருப்புக் காலம் என்றால் என்ன, கேஷ்லெஸ் என்றால் எப்படி என்று வகுப்பெடுத்தேன். (அந்த வருடம் யூரியா விற்பனை படுத்ததற்கு மழையைக் குறை சொன்னேன். மழைமேல் தப்பில்லை.)

மாமனார் ஆறுச்சாமிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "ஏனுங் மாப்ளே, காச்சலே வராத ஒடம்புக்கு எதுக்குங் வருசா வருசம் காசு கட்டோணும்?" என்பார்.

"வந்துச்சுன்னா என்னங்க மாமா பண்ணுவீங்க?"

"வராதுங்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

வந்தது. தேங்காய் மூட்டையைத் தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ புடைத்துக்கொண்டது. ஹெர்னியா, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி தேன்மொழி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் துள்ளிக் குதித்தேன்! எங்கள் பாலிசியில் ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு; அதற்குள் வந்தால் கம்பெனி காசு தராது. அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அருமைங்க மாமா! சொல்லி வச்ச மாதிரி நேரம் பாத்து வந்திருக்குதுங்க!" என்று கத்தியேவிட்டேன். தேன்மொழி கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

மாமனாரின் கவலை வயிற்றைப் பற்றியதல்ல. தேங்காய் விற்ற காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, காங்கேயம் காளைச் சோடி ஒன்றுக்குப் பேசி வைத்திருந்தார். ரேக்ளா வண்டி ஏற்கெனவே வந்து, பெயின்ட் அடித்து, தோட்டத்துச் சாளையில் நின்றது. பந்தயத்தில் ஓட்டும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. மாரியம்மன் நோம்பியன்று சோடியைப் பூட்டிக்கொண்டு கோயில் வாசலில் வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். இளவட்ட வயதிலிருந்து இருந்த ஆசை.

"மாட்டுக் காசு போச்சுங்" என்றார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்துகொண்டே சொல்லியிருந்தால் இத்தனை பேர் காதில் விழுந்திருக்காது.) "அந்தக் காசுல ஒத்தப் பைசா தொட வேண்டாமுங்க மாமா. எல்லாம் கேஷ்லெஸ்ஸு. நோம்பிக்குச் சோடி மாட்டோட நீங்க வாரீங்க. அது என்ற பொறுப்பு!"

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரி. அட்மிஷன் கவுண்டரில், எந்த ரூம் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. எனக்கு அது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள், தலைகீழாகச் சொல்லுவேன். அந்த வரம்புக்குள் கிடைத்த ரூமில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்தால் கதவு திறக்காது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒறம்பரை என்கிற சொந்தபந்தம் அத்தனையும் டெம்போ பிடித்துக்கொண்டு பார்க்க வரும். வராவிட்டால் பகை. வந்தவர்களுக்கு உட்கார இடமில்லாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. மாப்பிள்ளை முன்னால் நின்று வைத்தியம் பார்க்கிற இடத்தில் மாமனாரின் அண்ணன் பெரிய மாமா வராந்தாவில் நின்றார் என்று பேச்சு வந்தால், நான் அவர்கள் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"லிமிட்டுக்குள்ளயே எடுங்க, போதும்" என்றாள் தேன்மொழி.

"நீ சும்மா இரு. ரூம் வாடகையில அதிகமா வாரத நான் குடுத்துட்டுப் போறேன். மத்ததெல்லாம் கம்பெனிதான் குடுக்குது" என்று, அங்கே இருந்ததிலேயே பெரிய ரூமை எடுத்தேன்.

அடேயப்பா! இரண்டு சோபா, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு பால்கனி. பால்கனிக் கதவைத் திறந்தால் மலை வரிசை மொத்தமும் மேகத்தோடு நின்றது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏனுங் மாப்ளே, இது ஆஸ்பத்திரிங்களா, கல்யாண மண்டபமுங்களா?" என்றார். எனக்கு அங்கேயே ஓர் அடி உயரம் கூடியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டெம்போ வந்தது. இளநீர்க் குலை, ரொட்டி, ஹார்லிக்ஸ், முறுக்கு டின் எல்லாம் இறங்கின. குழந்தைகள் பால்கனியில் ஒளிந்து விளையாடினார்கள். பெரிய மாமா "செத்த நேரம் முதுகைச் சாய்க்கிறேன்" என்று நோயாளியின் கட்டிலிலேயே தூங்கிவிட, தையல் போட்ட வயிற்றோடு மாமனார் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கோணும்" என்று யாரோ சொன்னார்கள். அது யார் என்று பார்க்காதது போல மலையைப் பார்த்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "சாரே, அப்ரூவல் வந்நு. பக்ஷே முழுசும் வந்நில்லா."

"ரூம் வாடகை வித்தியாசந்தானுங்க? நான் குடுத்துர்றேன்" என்று பர்ஸை எடுத்தேன்.

"அது மாத்ரம் இல்ல சாரே. ரூமு லிமிட்டுக்கு மேல போனா டாக்டர் பீஸு, தியேட்டர், மயக்க டாக்டர், நர்சிங், எல்லாத்துலயும் அதே கணக்குல பிடிக்கும். சார் எடுத்தது லிமிட்டப் போல ரெண்டு மடங்கு. அப்போ அதெல்லாம் பாதிதான் வரும். மருந்துக்கும் வயித்துல வச்ச வலைக்கும் பிடிச்சிட்டில்லா, அது முழுசும் வரும்."

எடுத்த பர்ஸை மூடினேன். "வயிறு ஒண்ணுதானுங்களே? மலை தெரிஞ்சா வேற கத்தியிலயா அறுத்தாங்க?"

"கத்தி ஒண்ணுதான் சாரே. ரூமு கூடினா அதோட எல்லா ரேட்டும் கூடும். கம்பெனி லிமிட்டு ரூமு கணக்குக்கே தரும்." பிறகு ஆறுதல் சொல்வதுபோல, "பின்னே, கையுறைக்கும் பஞ்சுக்கும் அவங்க ஒண்ணும் தரில்லா" என்றாள்.

பூச்சிமருந்து டப்பாவின் பொடி எழுத்து மனிதன் அங்கேயே பொடியானான். அந்த வரியையும் நான் படித்திருந்தேன் என்பதுதான் கொடுமை. 'விகிதாசாரக் கழிவு' என்று இருந்ததை, இது வேறு யாருக்கோ எழுதியது என்று தாண்டிப் போயிருந்தேன். கடைக் காசெல்லாம் உரக் கடனாக ஊர் வயலில் கிடந்தது. கையில் இருந்தது ரூம் வித்தியாசத்துக்கு மட்டும்தான்.

மாமனாரிடம் போய்ச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"அப்ப, பாதி வருமுங்களா?"

"ஆமாங்க மாமா."

"செரி உடுங்" என்றவர், தேன்மொழியிடம் பீரோச் சாவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவள் மாட்டுக் காசை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்வரை பால்கனியில் போய் நின்றார். "கட்டுனதுக்கு மலையவாச்சும் முழுசாப் பாத்துக்கறனுங்" என்றார்.

மிச்சக் காசில் அவர் ஒற்றைக் காளை வாங்கினார். ரேக்ளாவுக்கு இரண்டு வேண்டும். நோம்பிக்கு முந்தின வாரம் வண்டியின் நுகத்தடியைக் கழற்றி, ஒற்றை மாட்டுக்குத் தக்கபடி ஏர்க்காலை மாற்றிப் போட்டார். நோம்பியன்று கோயில் வாசலில் அந்த ஒற்றைக் காளை வண்டி வந்து நின்றபோது கூட்டம் சுற்றிக்கொண்டது.

"ஏனுங், சோடின்னு சொன்னீங்களே? இன்னொன்னு எங்கீங்?" என்று யாரோ கேட்டார்கள்.

மாமனார் வண்டியிலிருந்து நிதானமாக இறங்கினார். கூட்டத்தின் ஓரத்தில் பூமாலைத் தட்டோடு நின்றிருந்த என்னை நோக்கிக் கையை நீட்டினார். "அதா நிக்குது பாருங்."

கோயில் மேளம்கூட ஒரு நிமிடம் நின்றதாக ஞாபகம். (மேளக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார்.)

அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் நான் தங்கப் போனால், பாயை எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங் மாப்ளே, இந்த ரூமு லிமிட்டுக்குள்ளதானுங்களே?" என்று கேட்காமல் விடுவதில்லை. பாலிசியை வருடா வருடம் அவரே ஞாபகப்படுத்திப் புதுப்பிக்க வைக்கிறார். ரூம் வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசிக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். இப்போது யூரியா வாங்க வருகிறவர்களுக்கு அவரே என் கடையில் உட்கார்ந்து வகுப்பெடுக்கிறார்.

போன நோம்பிக்கு முன்னால் நான் காசைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். "மாமா, இன்னொரு காளை வாங்கிக்கலாமுங்க. சோடி சேந்துரும்."

அவர் பணத்தைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு பணத்தை என் சட்டைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"வேண்டாங் மாப்ளே. அது வந்துட்டா, இன்னொன்னு எங்கீன்னு ஆருங் கேப்பாங்க?"