மேபல் மாமி பிடித்துவைத்த குடை

கொட்டாஞ்சேனை,
வெள்ளி பின்னேரம்.

ஆண்டவர் அருளால் ஹெந்தளையில் சுகமாய் வாழும் மேபல் மாமிக்கு, மருமகன் கிளெமென்ற் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நான் நலம். மாமாவின் முழங்கால் சுகப்பட மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் கதைப்பீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் நாளைக்கே உங்கள் கைக்குக் கிடைக்க, ஆள் மூலம் இந்தக் கடிதம்.

ஞாயிறு உங்கள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வருகிறேன் மாமி! ஞானத்தகப்பன் நானேதான். இரண்டு தரம் என்னால் தள்ளிப்போனது, இந்த முறையும் வராவிட்டால் எனக்குப் பதிலாக ஞானத்தகப்பனாய் டிலானைப் பிடிப்போம் என்று நீங்கள் சொன்னது எல்லாம் நியாயமே. ஆனால் எங்கள் கம்பனியில் துறைமுகப் பெட்டிகளைப் பதிகிற புரோகிராம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெமரி நிரம்பிப் படுத்துவிடும், நான்தான் எழுப்பிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். கப்பலேறிப் போன பெட்டியின் பதிவு மெமரியை விட்டும் போக வேண்டும், போகவில்லை. கூட வேலை செய்கிற றஷ்மியின் பிழை என்று நினைத்து இரண்டு கிழமை, பதினாலு நாளும், அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "அண்ணா, நீங்க எழுதினதையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள்.

நான் எழுதியது ஒரு காவல்காரப் புரோகிராம். ஒவ்வொரு பதிவையும் ரிஃப்ளெக்ஷன் என்ற வித்தையால் திறந்து, உள்ளே இருப்பதில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும். பதிவை வீக் ரெஃபரன்ஸால்தான் பிடித்திருந்தேன். அதாவது, "போறதெண்டால் போ, நான் மறிக்கமாட்டன்" என்ற பிடி. பிறகும் ஏன் போகவில்லை என்று மண்டை காய்ந்துதான், நேற்று உங்களிடம் ஞானஸ்நானத்துக்கு இன்னொரு தவணை கேட்க ஓடிவந்தேன். கேற்றடியில், "ஓம் மகன், போயிட்டு வாங்கோ" என்று பத்துத் தரம் சொன்னீர்கள். போக முடிந்ததா? என் குடை உங்கள் கையில்! அருள்நாயகி அக்காவின் புது மருமகளில் தொடங்கிப் பாதரின் சீனி வருத்தம் வரை கதைத்தீர்கள், மூன்று பஸ் போய்விட்டது. நாலாவது பஸ் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. என் காவல்காரனும் இதைத்தான் செய்கிறான்! பதிவைப் போகச் சொல்லிவிட்டு அதன் துண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான், என் குடை என்னைப் போக விடாததுபோல், துண்டோ பதிவை விடாது.

உடனே ஓடிப்போய் எல்லாப் பிடியையும் தளர்த்திவிட்டேன். இருபது மணித்தியாலமாகிறது, புரோகிராம் ஒருதரம்கூட விழவில்லை. பிழை என்னுடையது என்பதில் வெட்கம்தான், ஆனாலும் அப்பாடா, நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது மாமி. றஷ்மியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

குட்டிக்கு முத்தம். மாமாவுக்குத் தோத்திரம். ஞாயிறு எட்டரைக்குக் கோயில் வாசலில் நிற்பேன்.

உங்கள் அன்பு மருமகன்,
கிளெமென்ற்

பி.கு.: உறையை ஒட்டும்போது றஷ்மி கூப்பிட்டாள். அவசரத்தில் எல்லாப் பிடியையும் தளர்த்தியதில், துறைமுகத்தில் இன்னும் நிற்கிற பெட்டிகளின் பதிவும் போய்விட்டதாம். திருத்த ஞாயிறு காலை வரை ஆகும். ஆனாலும் வருவேன். கொஞ்சம் பிந்தினால், டிலானைக் கூப்பிடாமல், பாதரின் குடையை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.