அரியரும் பூமியின் நிழலும்

நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனால் அதற்காக உட்கார்ந்து அழுத ஒரே ஒரு மனிதனை எனக்குத் தெரியும். கல்நெஞ்சுக்காரன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கொசுவை அடிக்கக்கூட யோசிப்பவன். பி.எஸ்ஸி. கணிதம் படித்தான், அவ்வளவுதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் இருந்தது. கல்லூரியிலும் டீக்கடையிலும், வேலூர் தோட்டப்பாளையத்தில் நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையிலும் அவன் பெயர் அரியர். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால்கூட, "அரியர் பேசறேன்" என்றுதான் எடுப்பான். மற்ற பேப்பரெல்லாம் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டான். வானியல் என்ற ஒரே ஒரு பேப்பர் மட்டும் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது.

சொந்த ஊர் ஆம்பூர். அப்பாவும் அண்ணனும் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார்கள். இவனுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவை தேறினால் பி.எட்., தேறாவிட்டால் டேனரி. மேஸ்திரியிடம் பேசியும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அரியருக்குச் சோறு இறங்கவில்லை.

உதவி கேட்காத ஆள் கிடையாது. கல்லூரியில் அந்தப் பாடம் நடத்தியவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் பழைய கேள்வித்தாளைப் பார் என்றதோடு சரி. செல்போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டான். அது ஒரே கணக்குக்கு மூன்று விடை சொல்லி, மூன்று தடவையும் "அருமையான கேள்வி" என்று இவனைப் பாராட்டியது. பிறகு என்னிடம் வந்தான். நான் பி.காம். வானத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு, துணி காயப் போட்டிருக்கும்போது மழை வருமா என்பதுதான். எரிச்சலில், விரிஞ்சிபுரத்தில் ஒரு ஜோசியர் இருக்கிறார், கிரகமெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று சொல்லித் தொலைத்தேன். பாவி, பஸ் ஏறிப் போயே விட்டான். அவர் ஜாதகத்தைக் கேட்டிருக்கிறார். இவன் கேள்வித்தாளை நீட்டியிருக்கிறான். அரியர் விழுந்ததற்குக் காரணம் சனிதான் என்று அவர் சொல்ல, அந்தச் சனி சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்று இவன் கேட்க, வெளியே போகச் சொல்லிவிட்டாராம்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனம் வந்து இறங்கியபடியே இருக்கும். சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் போர்டெல்லாம் வங்க மொழியில் இருக்கும். ரிப்போர்ட்டுக்கும் தேதிக்கும் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களில் ஒரு கணக்கு வாத்தியாராவது இருக்கமாட்டாரா? ஆம்பூர்க்காரனுக்கு வீட்டில் உருது. அவர்களுக்குப் பாதி இந்தி. போதாதா? சாயங்காலம் ஆனால் லாட்ஜ் லாட்ஜாக ஏறி, மேக்ஸ் மாஸ்டர் யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தான். புரோக்கர் என்று நினைத்து இரண்டு இடத்தில் துரத்தினார்கள்.

ஒரு கல்லூரிப் பேராசிரியர் சிக்கினார். சிறுநீரகத்தில் கல். வலியில் நெளிந்துகொண்டே, ஒரு ஆரஞ்சுப் பழத்தில் கோடு போட்டு வான்கோளத்தைப் புரியவைத்தார். ஒரு வாரம் அரியர் முகத்தில் அப்படியொரு ஒளி. பிறகு ஒருநாள் அறைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதான்.

"இன்னாடா ஆச்சி?"

"பேஜாராயிடுச்சி மச்சான். கல்லு வெளிய வந்துடுச்சி. நாளிக்கி ஊருக்குப் போறாராம்."

"நல்லதுதானடா?"

"இன்னா நல்லது? பாதி சாப்டர்தான் முடிஞ்சிருக்கு. பெரிய கல்லுன்னு சொன்னாங்கடா, நம்பி இருந்தேன்."

அடுத்தவர் குவாஹாட்டிக்காரர், பௌதிக ஆசிரியர். கோள்களின் பாதையை ஆரம்பித்தார். மூன்றாம் நாளே உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இன்னொரு டாக்டரிடமும் காட்டிப் பாருங்கள் என்று அரியர் அந்த மனுஷனிடம் கெஞ்சியிருக்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாவதாகக் கிடைத்தவர் நோயாளி இல்லை, நோயாளியின் மனைவி. வங்காளத்தில் பர்த்வான் என்ற ஊரில் கணக்கு டீச்சர். கணவருக்கு இதய வால்வு ஆபரேஷன். துணைக்கு வேறு யாருமில்லை. அரியர் அவரை 'தீதி' என்றான். அவர்கள் ஊரில் அக்கா என்று அர்த்தம். இருவருக்கும் ஒரு ஏற்பாடு. பில் கவுண்டர், மருந்துக் கவுண்டர், டோக்கன், எல்லா வரிசையிலும் இவன் நிற்பான். அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவார். ஒரே நேரத்தில் இரண்டு வரிசை வந்தால் இன்னொன்றில் நான். பி.காம். படித்த எனக்கே சந்திரனின் பிறை எல்லாம் புரிய ஆரம்பித்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அரியர் தேறிவிடுவான் என்று முதல் தடவையாக நானே நம்பினேன்.

கிரகணப் பாடம் மட்டும் பாக்கி. அப்போதுதான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். பரீட்சைக்கு முந்தின நாள்.

அன்றைக்கு அவன் புத்தகத்தை எடுக்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்காரப் போகிறேன் என்றுதான் போனான். நானும் கூடப் போனேன். கணவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் தீதி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை முறுக்கினார், பிரித்தார். திடீரென்று பேப்பர் கொண்டுவா, கிரகணம் பார்க்கலாம் என்றார். பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவு. மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். அரியர் வரி விடாமல் எழுதிக்கொண்டு, "ஜீ தீதி, ஜீ தீதி" என்றான்.

மறுநாள் அவன் பரீட்சை எழுதிவிட்டு அறைக்கு வந்தபோது பார்த்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"நிழல் கணக்கு வந்துச்சிடா. சந்திரன் மேல விழற பூமி நிழல் எவ்ளோ பெரிசுன்னு. நேத்து தீதி போட்ட அதே கணக்கு."

"அப்புறம் இன்னா? பாஸுதான?"

"அவங்க நேத்து அத தப்பா போட்டாங்க. சூரியனோட அளவ கழிக்கணும், கூட்டிட்டாங்க. நிழலு ரொம்பப் பெரிசா வந்துச்சி."

வானியலில் தப்பு எது, சரி எது என்று அரியருக்குத் தெரிகிறது! "அப்ப நீ சரியா போட்டுட்டு வந்திருப்ப."

அவன் தரையைப் பார்த்தான். "தீதி வீட்டுக்காரரு இன்னும் கண்ணு முழிக்கலடா. பேனாவ எடுத்தேன். அவங்க போட்டது தப்புன்னு எழுத கை வரல. அவங்க போட்ட மாதிரியே எழுதிட்டு வந்துட்டேன்."

திட்டினேன் பாருங்கள், வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை திட்டினேன். விடைத்தாளைத் திருத்துகிறவனுக்கு ஐ.சி.யூ.வில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமாடா முட்டாளே என்றேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டான். அதற்கடுத்த நாள் தீதியின் கணவர் கண் திறந்தார். சில வாரத்தில் இருவரையும் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டு வந்தான்.

ரிசல்ட் வந்தது. ஃபெயில். அந்த ஒரு கணக்குக்கு மார்க் விழுந்திருந்தால் பாஸ். மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்றால், தப்பாக எழுதியதை யார் பார்த்தாலும் தப்புதான். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது தீதி பர்த்வானிலிருந்து போன் பண்ணினார். "பாஸ், தீதி" என்றான். மறுமுனையில் கணவனும் மனைவியுமாகச் சிரித்துக் கூச்சல் போட்டது எனக்கே கேட்டது. இவனும் சேர்ந்து சிரித்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது ஆம்பூரில் டேனரியில்தான் இருக்கிறான். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றியிருந்தால் இந்நேரம் கையில் சாக்பீஸ் இருந்திருக்கும். ஆத்திரம் தாங்காமல், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டுமென்றே அவ்வப்போது போன் போடுகிறேன். அவன் குரல் கேட்டதும், "சாப்டியாடா?" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை.