மூன்று பாட்டுச் சாயம்

"அண்ணி, ஆரஞ்சு!" என்று அலறினாள் நாத்தனார்.

சலூன்காரி துண்டைப் போட்டுவிட்டுப் பின்னறையிலிருந்து ஓடி வந்தாள். அடர்பழுப்பு கேட்ட அம்மாளின் தலை பழுத்த ஆரஞ்சாக மின்னியது. நல்லவேளை, அந்த அம்மாள் சாய்ந்ததுமே தூங்கிவிட்டாள்.

தூங்குகிறவள் சாதாரணப்பட்டவளா? கட்டடம் கைமாறிவிட்டது. புது ஓனரம்மா இன்று நேரில் வந்து பார்த்துவிட்டு, கடை இருக்கலாமா, காலி பண்ணணுமா என்று சொல்வதாகப் போனில் தகவல். ஆளை முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால், "எல்லாம் சுத்தமா இருக்கணும், பார்த்துக்கோங்க" என்று அதிகாரமாக வந்து உட்கார்ந்தவளை வேறு யாரென்று நினைப்பது?

"மூணு பாட்டு ஆச்சுன்னு சொன்னியேடி!"

"ஆச்சே. நடுவுல என் பாட்டைப் போட்டேன்."

வினை அங்கேதான் இருந்தது. சலூன்காரிக்கும் கடிகாரத்துக்கும் ஆகாது. பழைய ஜாஸ் பாடகி ஒருத்தியின் மூன்று பாட்டு முடிந்தால் சாயம் பிடித்துவிட்டது என்பது அவள் கணக்கு. அந்தப் பாடகிக்கு அவசரமே கிடையாது. தாளம் முன்னால் போய்க் காத்து நிற்கும். இவள் ஆற அமரச் சொல்லை ஏந்திக்கொண்டு வருவாள். நாத்தனாரின் பாப் பாட்டுகளோ கொட்டாவி விடுவதற்குள் முடிந்துவிடும்.

"உன் பாட்டும் என் பாட்டும் ஒண்ணா?"

"எப்பப் பாரு அந்தத் தூங்குமூஞ்சிப் பாட்டு. ஓனரம்மாவே தூங்கிட்டாங்க!"

மூலை நாற்காலியில் காய்கறிப் பையோடு காத்திருந்த பெண் சிரித்தாள். "ரெண்டுமே நல்லாத்தாங்க இருக்கு."

"கொஞ்சம் பொறுங்கம்மா, இதோ உங்களையும் கவனிக்கிறேன்."

"அவசரமே இல்ல. மெதுவா ஆகட்டும்."

மறுபடி சாயம் பூசினார்கள். சண்டை வேண்டாமென்று அவள் பாட்டு ஒன்று, இவள் பாட்டு ஒன்று. வேறு வழியில்லாமல் முதல்முறையாக பாப் பாட்டைக் காதில் வாங்கினாள் சலூன்காரி. கைதட்டலுக்கு நடுவே ஓட்டமாகப் பாடிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணான அந்தப் பாப் பாடகி, ஒரு சொல் வந்ததும் சட்டென்று நின்றாள். மூச்சை இழுத்தாள். தாளத்தைப் போகவிட்டாள். பிறகு, மெல்ல அந்தச் சொல்லை இறக்கி வைத்தாள்.

அட!

சீப்பும் கையுமாக நின்றுவிட்டாள் சலூன்காரி. அந்த ஜாஸ் கிழவியின் அதே வித்தை அல்லவா இது?

"ஏய், அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."

போட்டாள். பிறகு கிழவியைப் போட்டாள். மறுபடி சின்னவள். திரைச்சீலை வழியாக மதிய வெயில் கண்ணாடியில் வழிந்தது. இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கைபிடித்து எங்கேயோ கூட்டிப்போயின. கடை, சாயம், ஓனரம்மா எல்லாம் மறந்துபோய் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"பிடிச்சிருக்கா அண்ணி?"

"வாயை மூடு. கேக்க விடு."

எத்தனை பாட்டு போயிற்றென்று யார் எண்ணினார்கள்? அலசிப் பார்த்தால், தலை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

பதறிப்போய் நிறத்தை இறக்கும் மருந்தை நெற்றிப் பக்கம் தடவினார்கள். முன்கொத்து மட்டும் பஞ்சாக வெளுத்தது. அந்த நேரம் பார்த்து அம்மாள் கண் விழித்தாள்.

சலூன்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்பு எங்க மேலதாம்மா. திட்டுங்க, அடிங்க. கடையை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. இதை விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல!"

அம்மாள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "என் மருமக மயக்கம் போட்டு விழுவா" என்று சொல்லிக்கொண்டாள், பரம திருப்தியோடு. பிறகு திரும்பினாள். "ஆமா, எந்தக் கடையை? நான் பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு உள்ள வந்தேன்."

மூலையிலிருந்த பெண் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கடை இங்கேயே இருக்கட்டும், அந்த ரெண்டு பாட்டையும் இன்னொரு தடவை போடுங்க, ஆனா ஓனராச்சேன்னு என் தலையில மட்டும் கை வச்சிராதீங்க!"