சிவப்பு மூடி, நீல மூடி

கதைக்குள் நுழையுமுன் சில செய்திகளை அறிந்துகொள்வது நல்லது. கணவர் ஒரு தேயிலை நிறுவனத்தில் சுவைப்பாளர். நாளொன்றுக்கு இருநூறு கோப்பைகளை உறிஞ்சித் துப்பி, எந்த இலை எந்தச் சரிவில் எந்த வாரம் பறிக்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சம்பளம் என்பது பிழை. அவருடைய நாக்குக்குத்தான் சம்பளம். சுவைத்த கோப்பைகளைக் கழுவ அங்கே தனி ஆள் உண்டு. ஆகவே, பாத்திரம் கழுவுதல் என்றொரு செயல் உலகில் நடைபெறுவது அவருக்குச் செவிவழிச் செய்தி மட்டுமே. இன்னொன்று: ஞாயிறு காலையில் நான்கு கீற்று பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி, மொறுமொறுவென்று தட்டில் விழாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகாது. நான்கும் அவருக்கே என்பது வீட்டு வழக்கம்.

அந்த விடியலுக்கு மருத்துவர் தடை விதித்தார். இரத்தத்தில் கொழுப்பு எல்லை மீறிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.

"இனிமே காளான்லயே பேக்கன். நானே செய்யப்போறேன்," என்று கணவர் அறிவித்தார்.

"நீங்களா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?" என்றார் மனைவி.

"நக்கல் பண்ணாதே."

சனிக்கிழமை மாலைகளில் மனைவி தம் தங்கை வீட்டுக்குப் போவார். அந்த நேரத்தில் கணவர் சிப்பிக் காளானின் பருத்த தண்டுகளை நீளவாக்கில் சீவினார். கனமான தட்டை ஏற்றி நீர் வடித்தார். சோயா சாஸிலும் மிளகிலும் சர்க்கரைப் பாகிலும் ஊறவைத்தார். புகை மணத்துக்கு ஒரு பிடித் தேயிலையைச் சட்டிக்குள் கருக்கினார். தொழில் தெரிந்த கை அல்லவா! காளானை வறுத்து நீல மூடி டப்பாவில் வைத்தார். பிறகு, பைக்குள் ஒளித்து வந்த அசல் பேக்கனை அதே சட்டியில் வறுத்துச் சிவப்பு மூடி டப்பாவில் வைத்தார்.

மனைவி திரும்பியதும் கணவர் சொன்னார்: "ரெண்டும் காளான்தான். சிவப்பு மூடி எனக்கு. காரம் தூக்கல், உன் வயிறு தாங்காது. நீல மூடி உனக்கு."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' அவ்வளவு எளிதாக வந்தபோதே அவர் ஐயுற்றிருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் கண்களை மூடிக்கொண்டு மென்றார். அசல் அசல்தான் என்று அந்த நாக்கு ஆணையிட்டுச் சொன்னது. எதிரே காளானைக் கடிக்கும் மனைவியைப் பார்க்க அவருக்கே பரிதாபமாக இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் ரெண்டு டப்பாலயும் இன்னும் நாலு சேர்த்துப் போடுங்க."

மூன்று மாதம் சென்றது. ஆய்வகத்தாளை ஆட்டிக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தார் கணவர்.

"பாத்தியா! கொழுப்பு பாதியா குறைஞ்சிடுச்சு!"

"ரத்தத்துல மட்டுமா?"

"அந்த டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியல! மூணு மாசமா வாரம் தவறாம பன்னிக்கறிதான் தின்னேன். அதுதான் குறைச்சிருக்கு. இனிமே தினமும் திங்கப்போறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் சனிக்கிழமையே தெரியும். சட்டியைக் கழுவாம அப்படியே போட்டிருந்தீங்க. காளான் வறுத்த சட்டியில வெள்ளை வெள்ளையா கொழுப்பு உறையுமா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"யாரு சும்மா இருந்தது? வாராவாரம் ரெண்டு டப்பாலயும் இருந்ததை மாத்தி வெச்சேன்."

"அப்ப நான் தின்னது?"

"காளான்."

"நீ தின்னது?"

"அதான் இன்னும் நாலு போடுங்கன்னு கேட்டேனே!"

பின்னர் உறுதிசெய்யப்பட்டவை வருமாறு. சட்டியை வறுத்தவரே கழுவ வேண்டும். அவர் செய்யும் காளான் கீற்று அசலுக்கு ஈடானது. சான்றளித்தது சம்பளம் வாங்கும் நாக்கு என்பதால் மறுப்பதற்கில்லை. நீல மூடி டப்பாவில் வாரந்தோறும் அசல் நிரம்பிக்கொண்டிருக்கும்வரை, அந்த நாக்கு ஏமாந்த செய்தி நிறுவனத்தின் காதுக்குப் போகாது. வீட்டில் தேநீர் கொடுத்தால் மட்டும், "இது தேநீர்தானே?" என்று கேட்டுவிட்டே குடிக்கிறார்.