கப்பல் தெரியும் மூலை அறை

“பாதி. அதுக்கு மேல ஒரு சல்லி கிடையாது” என்று சொல்லிவிட்டு, ஊரெல்லாம் லிப்ட் பழுதுபார்க்கும் லிப்ட்காரர் திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

பேரத்துக்கு உயிரே இந்த நடைதான். வேகமாகப் போனால் நிஜமாகவே போகிறான் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாகப் போனால் நாடகம் என்று தெரிந்துவிடும். செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்கிறவனைப் போலப் போக வேண்டும். அவர் அப்படித்தான் போனார்.

“சார், சார்!” ஓட்டல் மானேஜர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாதின்னா எங்களுக்குக் கட்டவே கட்டாது. முதலாளி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். சரி, போங்க. உங்க முகத்துக்காகத் தர்றேன். மேல் மாடி, மூலை அறை.”

“ஜன்னல்ல கப்பல் தெரியுமா?”

“கப்பல் மட்டும்தான் சார் தெரியும்.”

லிப்ட்காரருக்குத் தன்னைப் பார்த்தே கொஞ்சம் பயம் வந்தது. இவ்வளவு சக்தி தன்னிடம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே! சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பெட்டியை முழங்காலோடு அணைத்துக்கொண்டு, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் பயணம் மகள் வாங்கிக் கொடுத்தது. காலையில் துறைமுகத்தில் ஏற வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி எங்கே தங்குவது என்பதுதான் வீட்டில் ஒரு மாதமாக நடந்த விவகாரம். லிப்ட்காரரின் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், போன வருஷம் இதே கப்பலில் போனவர். கப்பல் புறப்படும் ஊரில் முதல் நாள் அறை வாடகை யானை விலை, இப்போதே பதிவு செய்து வையுங்கள் என்று எச்சரித்தார். சகலை ஒன்று சொல்லி அதைக் கேட்பதா? லிப்ட்காரர் சபதமே செய்துவிட்டார்.

“இருட்டப் போற நேரத்துல காலி அறைங்கிறது கடை மூடற நேரத்துக் கீரைக்கட்டு. கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவான். நேரா போய் நின்னு பேசணும். அவ்வளவுதான்.”

“எந்த ஓட்டல்ல நிக்கணும்?” என்று மனைவி கேட்டாள்.

“துறைமுகம் பக்கமா ஏதாவது ஒண்ணு.”

“அந்தப் பச்சைக் கட்டடம் ஒண்ணு இருக்காம். அங்க நின்னு பாருங்களேன். எனக்கு ஜன்னல் வழியா கப்பல் தெரியணும். நீங்க கேட்ட விலைக்கு அது கிடைச்சா, எங்க வீட்டுக்காரர் சமர்த்துன்னு தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட நானே என் வாயால சொல்றேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லும்படி அவரும் எதையும் வாங்கி வந்ததில்லை. அவர் மலிவாக வாங்கிய குடை மழை பெய்தால் மட்டும் திறக்காது. மலிவாக வாங்கிய கட்டிலில் படுத்தால் தூக்கம் தவிர மற்றதெல்லாம் வரும். அந்தக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே அறையில் நேர் செய்துவிட வேண்டும் என்று அவர் துடித்தார். துடிப்பில் இன்னொரு சபதமும் வாயிலிருந்து விழுந்தது.

“இந்தப் பயணத்துல லிப்ட் பேச்சே கிடையாது. ஸ்பேனரைத் தொட்டேன்னா என்னை ஏன்னு கேளு.”

“நான் ஏங்க கேக்கப் போறேன்?” என்றாள் அவள்.

பணத்தைக் கட்டி, சாவியை வாங்கிக்கொண்டு பெட்டியோடு லிப்ட் வாசலுக்கு வந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பூந்தொட்டி.

“அது கொஞ்ச நாளா மக்கர் பண்ணுது சார்” என்றாள் மானேஜர் அம்மாள்.

“நான் லீவுல இருக்கேன்” என்றார் லிப்ட்காரர். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஆனாலும் கை பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டது. பழக்கதோஷம். கதவு மூடியது. தலைக்கு மேல் வெகு உயரத்தில் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முக்கியது. டக். மௌனம். கதவு மறுபடி திறந்தது. பூந்தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

“பிரேக் பிடிச்சதை விடமாட்டேங்குது” என்று அவர் வாய் தானாகச் சொன்னது. “எனக்கென்ன வந்தது?” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

மானேஜர் அம்மாள் அவர் மனைவியைப் பார்த்தாள். அவர் மனைவி பூந்தொட்டியைப் பார்த்தாள்.

படியேறும்போது பெட்டி தோளைப் பிடுங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே வைத்து மூச்சு வாங்கினார். “உள்ள யாராவது உட்கார்ந்திருக்காங்களா?”

“துணிதாங்க. கப்பல்ல குளிருமாம்.”

ஊரையெல்லாம் மேலே ஏற்றி அனுப்பியவர், தான் மேலே போக இப்படிப் படியை எண்ணவேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டே அறைக்கதவைத் திறந்தார். திறந்தவர் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. எதிர்க் கட்டடத்தின் சுவர் என்றுதான் முதலில் நினைத்தார். பேரத்தில் ஏமாந்துவிட்டோம் என்று பட்டது. பிறகு சுவரில் வட்ட வட்டமாக ஜன்னல்கள் தெரிந்தன. அதற்கு மேல் வரிசையாகப் பால்கனிகள். அதற்கும் மேல், கழுத்தை ஒடித்துப் பார்த்தால், ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் படகுகள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவே எழுந்து நின்றுகொண்டிருந்தது. அடியில் சிலர் குனிந்து கயிற்றை இழுத்தார்கள். கடுகு அளவு மனிதர்கள். கயிறு மட்டும் அவர்களைவிடப் பருமனாக இருந்தது.

அவர் வாழ்க்கையில் உயரமான கட்டடங்களை நிறையப் பார்த்தவர். அவற்றை உள்ளிருந்தே பார்த்தவர். இருட்டுக் குழியில், கையில் விளக்கோடு. கட்டடம் என்றால் அவருக்கு எண்ணெய் நாற்றமும் இரும்புக் கயிறும்தான். வெளியே தள்ளி நின்று ஒன்றை முழுசாகப் பார்ப்பது இப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

“இது மிதக்குமா?” என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“மிதந்துதாங்க வந்திருக்கு.”

“யம்மாடி.”

“உள்ள போயிட்டா கப்பல் தெரியாது. அறை தெரியும், சாப்பாடு தெரியும். கப்பலை வெளியிலிருந்துதான் பாக்கணும். பாருங்க.” அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். தனக்கல்ல, அவருக்கு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பேரம் பேசும் சக்தி நினைவுக்கு வந்து சகலைக்குப் போன் போட்டார்.

“சகலை! பாதி விலை! எடுத்த எடுப்பில விழுந்துட்டா!”

“அப்படியா சகலை? மூலை அறைதானே?”

“ஆமா. உனக்கெப்படித் தெரியும்?”

“ஒரு யூகம்தான். லிப்டெல்லாம் எப்படியிருக்கு?” என்ற சகலைக்குத் திடீரென்று இருமல் வந்தது. பின்னால் மைத்துனியும் இருமுவது கேட்டது. அந்த ஊரில் ஏதோ காய்ச்சல் போலிருக்கிறது என்று லிப்ட்காரர் வருத்தத்தோடு போனை வைத்தார்.

“எப்ப சொல்லப் போறே?” என்று மனைவியைக் கேட்டார்.

“என்னது?”

“சமர்த்துன்னு.”

“சொல்றேன். முதல்ல ஒரு டீ குடிச்சாத் தேவலை.” அவள் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். “வேணாம் விடுங்க. இத்தனை படி இறங்கி, இத்தனை படி ஏறி… நாளைக்குக் கப்பல்ல நடக்கணும்ல.”

லிப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். அவர் காதுக்குள் அந்த ‘ம்ம்ம்’ இன்னும் முக்கிக்கொண்டிருந்தது. பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு சும்மா விடுமா?

“சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன். தொடமாட்டேன்.”

“உங்க இஷ்டம்.”

“தொடணும்னாலும் கையில ஒண்ணும் இல்ல.”

அவள் பெட்டியைத் திறந்தாள். துவாலைகளுக்கு நடுவில், போர்வை போர்த்திய பிள்ளையைப் போல, அவருடைய கருவிப் பை படுத்திருந்தது.

“இதை எதுக்குடி எடுத்துட்டு வந்தே?”

“வீட்டுல விட்டா திருட்டுப் போயிடாதா?”

நியாயமாகத்தான் பட்டது. கீழே இறங்கிப் போனார். கேட்பதற்கு முன்பே மானேஜர் அம்மாள் மோட்டார் அறைச் சாவியை நீட்டினாள். ஏணி சாத்தி வைத்திருந்தது. மேலே விளக்கு போட்டிருந்தது. நல்ல நிர்வாகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மோட்டார் அறை மொட்டைமாடியில், ஒரு குளியலறை அளவில் இருந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிரேக்கைக் கழற்றினார். அவர் நினைத்ததுதான். கடல் காற்றின் உப்பு இரும்பைத் தின்று, அசைய வேண்டிய தண்டு துருவேறிக் கெட்டித்துப்போயிருந்தது. சுரண்டினார், தேய்த்தார், எண்ணெய் விட்டார். நிமிர்ந்தபோது திறந்திருந்த கதவு வழியே கப்பல் விளக்கு ஏற்றிக்கொள்வதைப் பார்த்தார். ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு வரிசை, அதற்கும் மேல் இன்னொன்று. யாரோ மெதுவாக ஒரு ஊரைக் கண் விழிக்கச் செய்வதுபோல இருந்தது. எண்ணெய்க் கையை இரையைக் கண்டு நின்ற வேட்டை நாயின் காலைப் போல அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அப்போதுதான் தரையிலிருந்து குரல் வந்தது.

லிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. இரும்புக் கயிறு இறங்கும் துவாரத்தில், கீழே பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். எத்தனையோ வீட்டுச் சண்டைகளை, பெண் பார்த்த கதைகளை, கடன்காரனுக்குச் சொன்ன பொய்களை அவர் இந்த வழியாகக் கேட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இன்று கேட்டது மனைவியின் குரல். முழங்கால் வலியோடு எப்போது கீழே இறங்கினாள்?

“…ஒவ்வொரு ஓட்டலா போன் பண்ணினேங்க. எல்லாரும் வாடகையைக் கேப்பாங்க, நான் லிப்ட் வேலை செய்யுதான்னு கேட்டேன். மத்த ஓட்டல்ல எல்லாம் பிரமாதமா வேலை செய்யுதுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ‘இல்லம்மா, மன்னிக்கணும்’னீங்க.”

“கம்பெனி ஆளு அடுத்த மாசம்தான் வருவானாம். நீங்க போன் பண்ணினது தெய்வம் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு” என்றாள் மானேஜர் அம்மாள். “ஆனா எனக்குப் புரியல. லிப்டை ஓட வச்சா அறை சும்மாவே தர்றேன்னு சொன்னேன். அப்புறம் எதுக்கு அந்த பேரம்?”

“அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. சும்மான்னா தங்கமாட்டார். பேரம் பேசி ஜெயிச்சாத்தான் தூக்கம் வரும்.”

“நான் அழுதது சரியா இருந்துச்சா?”

“கண்ணாடியைக் கழட்டினீங்க பாருங்க, எனக்கே பாவமா இருந்துச்சு.”

“இந்தாங்க, அவர் குடுத்த பணம்.”

துவாரத்தின் வழியாக நோட்டு சரசரப்பதுகூடக் கேட்டது.

லிப்ட்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பச்சைக் கட்டடம். மூலை அறை. சகலையின் இருமல். எல்லாம் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்து அவர் முன்னால் நின்றது. அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவும் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. இப்படி ஒரு மூளையோடு இத்தனை காலம் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறோம். அதை வெளியே தள்ளி நின்று ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை.

“அந்த ஜன்னல்தான் வேணும்னு எதுக்கும்மா அவ்வளவு பிடிவாதம்?” என்று மானேஜர் அம்மாள் கேட்டாள்.

“இத்தனை வருஷம் குழிக்குள்ளயே இருந்தவருங்க. ஒரு தடவையாவது நல்லதா ஒண்ணை உட்கார்ந்து பார்க்கட்டுமேன்னுதான்.”

பிரேக்கைப் பூட்டி, மின்சாரத்தைப் போட்டார். கண்ணில் ஏதோ எண்ணெய் பட்டுவிட்டது. மேல் மாடிக்கு இறங்கி வந்து, காலி லிப்டை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தினார். லிப்ட் முக்காமல் முனகாமல் வந்து நின்றது. கதவு திறந்தது.

உள்ளே, பூந்தொட்டிக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் டீ.

“அடிப்பாவி! சோதிச்சுப் பாக்காத லிப்ட்ல ஏறலாமா?”

“நீங்க சரி பண்ணினதுதானே” என்றாள் அவள். “டீ ஆறிப்போயிடும்னு நானே எடுத்துட்டு வந்தேன்.”

அவர் டீயை வாங்கிக்கொண்டார். “மேல எல்லாம் கேட்டுச்சு.”

“கேக்கட்டும்னுதான் லிப்ட் வாசல்ல உட்கார்ந்து பேசினேன். இப்படிக் கேக்கும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? நேர்ல சொன்னா நீங்க பதில் பேசுவீங்க. விடிஞ்சிடும்.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “அப்ப பந்தயம்?”

“நீங்கதாங்க ஜெயிச்சீங்க.” அவள் போனை எடுத்துத் தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். “மாப்பிள்ளை, எங்க வீட்டுக்காரர் சமர்த்து. ஆமா, லிப்ட் ஓடிடுச்சு.”

போனில் அந்தப் பக்கம் இருமவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

காலையில் கப்பலுக்குள் நுழைந்ததும் லிப்ட்காரர் இரண்டாம் முறையாகப் பெட்டியைக் கீழே வைக்க மறந்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கூடம் கோயில் கோபுரத்தை உள்பக்கமிருந்து பார்ப்பதுபோல மேலே மேலே போனது. அதில் கண்ணாடிக் கூண்டுகளாக லிப்டுகள், சோப்புக் குமிழி போல, சத்தமே இல்லாமல் ஏறி இறங்கின. அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவரின் கண் கடைசிக் கூண்டில் நின்றது. அது பாதி வழியில் நின்றிருந்தது. கீழே யாரும் நெருங்காதபடி ஒரு கயிறு கட்டி, வெள்ளைச் சீருடை போட்ட அதிகாரி ஒருவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் லீவுல இருக்கேன்” என்றார் லிப்ட்காரர்.

“ஆமாங்க” என்றாள் மனைவி. பிறகு அதிகாரியைப் பார்த்துச் சிரித்து, இந்தக் கப்பலில் பால்கனி வைத்த அறை ஏதாவது காலியாக இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். பேசிக்கொண்டே, அவரைத் திரும்பிப் பாராமல், காலால் பெட்டியை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.