மாப்பிள்ளை பச்சையடித்த சாலை

லாபு,
14.3.1993

மதிப்புக்குரிய மாப்பிள்ளை விசுவநாதன் அவர்களுக்கு மாமனார் வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். சாலைதான் சுகமில்லை.

மழையில் நம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலை குழியும் குட்டையுமாகக் கிடக்கிறது. அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து முத்துலெட்சுமியைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும், வலி கண்டால் ஆம்புலன்ஸ் உள்ளே வரவேண்டுமே என்று கவுன்சிலுக்குப் போய்த் தார் போடச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியொரு சாலையே இல்லை, முழுக்க ரப்பர் என்றார். அதில்தானே ஐயா சைக்கிளில் வந்தேன் என்றால், ரப்பர் மரத்துக்குள் வந்திருப்பீர்கள் என்கிறார். இந்த வரைபடத்தைப் போட்டு, சாலைக்கும் ரப்பரின் பச்சையை அடித்த புண்ணியவான் யாரென்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னார். பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அது போகட்டும், அதே படத்தை வாங்கி வைத்துக்கொண்ட புது மேனேஜர், சாலையையும் ரப்பர் கணக்கில் சேர்த்து, பால் ஏன் குறைகிறது என்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டியைப் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல எந்த மரத்துலய்யா பால் வெட்டுறது?" என்று மண்டோர் கேட்டதற்கு, படத்தை விரித்துப் பச்சையைக் காட்டினாராம்.

நீங்களோ போனில், படத்தில் சாலையைத் தனியாக வெட்டியெடுத்தால் ரப்பர் நிலம் இரண்டு துண்டாகிவிடும், வேண்டுமானால் மேலே ஒரு கோடு போடலாம் என்றீர்கள். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதையும் கவுன்சில் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கோட்டுக்கு அகலம் ஏது, அகலம் இல்லாததற்குத் தார் எப்படிக் கணக்குப் போடுவது என்கிறார். ஆகவே தயவுசெய்து சாலையைக் கவர்மென்ட் அகலத்தில் வெட்டித் தனி நிலமாக வையுங்கள். துண்டாவது ரப்பர்தானே. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. பிள்ளை நடுவழியில் பிறந்தால், பிறந்த இடம் ரப்பர் மரம் என்றுதான் பிறப்புச் சூராட்டில் எழுதுவார்கள்.

உங்கள் இருவருக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் நம் தோட்டத்து மாரியம்மன் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்குக் கிராணி வீரமுத்து

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் முனியாண்டி வந்தார். கவர்மென்ட் அகலத்தில் சாலையை வெட்டினால், நான் வீட்டுக்கு முன்னால் இழுத்துக் கட்டிய சமையல் குசினி சாலைக்குள் வந்துவிடுமாம். அதைக் கேட்டதும் உங்கள் மாமியார், "ரோடும் வேணாம், ஒன்னும் வேணாம். நாமளே மாப்பிள வீட்டுக்கு, பாரோய்க்குப் போயி பிரசவம் பாத்துட்டு, புள்ள நடக்குற வரைக்கும் இருந்துட்டு வருவோம்லா" என்று சொல்லிவிட்டாள். எனவே எல்லாம் ரப்பராகவே இருக்கட்டும். சனிக்கிழமை வருகிறோம். கோழிகளும் வருகின்றன.